ஒளியே வழியா, ஒலியே வலியா? பாடகர் குழுவின் உச்சரிப்புக்கும் குரலுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் பாடகர் குழு ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனைக்காக மூன்று மாதம் பழகிய பாட்டில் 'ஒளியே வழி' என்று ஒரு வரி வரும். நான்கு குரலும் ஒன்றாக வந்து சேருகிற இடம் அது. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு ஏழாம் வகுப்புப் பையன் கேட்டான்: "அங்கிள், 'ஒலியே வலி'ன்னு ஏன் பாடுனீங்க?"

சிரித்துவிட்டேன். ஆனால் அவன் கேட்டதில் தப்பில்லை. அன்று இரவு எங்களில் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. ஒலி, வலியாகத்தான் இருந்தது.

'சொல் புரியவில்லை' என்று யாராவது சொன்னால், குழுவை நடத்துபவர் வாயில் முதலில் வருவது 'இன்னும் சத்தமா பாடுங்க' என்பதுதான். நானும் பல வருஷம் அதையே சொன்னேன். சத்தத்தைக் கூட்டப் போனால் தொண்டை இறுகும். தொண்டையோடு தாடையும் நாக்கின் அடிப்பகுதியும் இறுகும். நாக்கு இறுகிய பிறகு 'ழ'வுக்கு எங்கே போவது? சொல் இன்னும் மங்கும். மறுபடியும் 'சத்தமா' என்போம். இந்தச் சுழலில் இருந்து வெளியே வர ஒரே வழி, தொண்டையின் தலையில் கட்டிய வேலையை நாக்குக்கும் உதட்டுக்கும் திருப்பிக் கொடுப்பது. உச்சரிப்பைச் சரிசெய்வதும் குரலைக் காப்பாற்றுவதும் எனக்கு இன்று ஒரே வேலையாகத்தான் தெரிகின்றன.

இது பதினைந்து முதல் நாற்பது பேர், வாரம் ஒரு நாள் பழக்கம், ஒரு கீபோர்டு, தனியாகக் குரல் ஆசிரியர் கிடையாது என்று இருக்கிற குழுக்களுக்காக எழுதியது. நான் வளர்ந்தது தேவாலயப் பாடகர் குழுவில் என்பதால் உதாரணங்கள் அங்கிருந்துதான் வரும். ஆனால் பள்ளிக் குழுவுக்கும், இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் சென்னையில் மெட்ராஸ் யூத் கொயரை வைத்து வளர்த்தெடுத்த சேர்ந்திசை மரபில் பாடுபவர்களுக்கும் இதே நாக்கு, இதே தமிழ்தான்.

படி 1: நிற்பதும் மூச்சும்

பாட்டுப் புத்தகத்தை வயிற்றுக்கு நேராகப் பிடித்து, குனிந்து பாடுவது நம் குழுக்களின் பழைய நோய். கழுத்து மடங்கினால் குரல்வளைக்கு இடம் குறையும். புத்தகத்தை நெஞ்சுயரத்துக்குத் தூக்கச் சொல்லுங்கள். கண்ணை மட்டும் கீழே இறக்கினால் வரி தெரிய வேண்டும். கண்ணைத் தூக்கினால் நடத்துபவர் தெரிய வேண்டும். கால்களுக்கு இடையில் ஓர் அடி இடைவெளி, முழங்கால் விறைக்காமல். அவ்வளவு போதும்.

மூச்சை 'நல்லா இழுங்க' என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் எல்லோரும் தோளைத் தூக்குவார்கள். அதற்குப் பதில் ஒருமுறை எல்லோரையும் தரையில் மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். (வெட்கப்படுவார்கள். முதல் வாரம் மட்டும்தான்.) வயிற்றின் மேல் புத்தகத்தை வைத்தால், படுத்திருக்கும்போது அது தானாக ஏறி இறங்கும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற உதரவிதானம் கீழே இறங்கும்போது வயிறு முன்னே வருகிறது. நின்றாலும் அதே அசைவுதான் வேண்டும், விலா எலும்புகள் பக்கவாட்டில் விரிவதோடு சேர்த்து. அப்புறம் எழுந்து நின்று, மெல்லிய 'ஸ்ஸ்ஸ்' என்ற காற்றை 15 நொடிக்குச் சீராக விடச் சொல்லுங்கள். கடைசி இரண்டு நொடியில் காற்று நடுங்கினால், தொடக்கத்தில் அதிகமாகச் செலவழித்துவிட்டார் என்று பொருள்.

குழுப் பாடலில் ஒரு பெரிய வசதி இருக்கிறது: எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்க வேண்டியதில்லை. நீளமான வரியில் மூச்சை மாற்றி மாற்றி வாங்கலாம். இதற்கு மூன்று விதி. பக்கத்தில் இருப்பவர் வாங்குகிற இடத்தில் நீங்கள் வாங்கக்கூடாது. சொல்லும் சொல்லும் சந்திக்கிற இடத்தில் வாங்காமல், நீண்ட உயிரொலியின் நடுவில் மெல்ல நழுவ வேண்டும். திரும்பி வரும்போது மெய்யெழுத்தைச் சொல்லாமல், அதே உயிரொலிக்குள் சன்னமாக நுழைய வேண்டும். மூன்றாவதை மறந்தால் ஒரே சொல் இரண்டு தடவை கேட்கும்.

படி 2: பாட்டுக்கு முன் பத்து நிமிடம்

பழக்கத்துக்கு ஆறு மணி என்றால் ஆறரைக்குத்தான் ஆள் சேரும். வந்தவுடன் நேரே பாட்டில் இறங்கிவிடுவோம். அதுதான் கெடுக்கிறது. கீபோர்டில் நடு 'சி'க்கு மேலே இருக்கிற 'ஏ' சுரத்தை ஒரு பெண் பாடும்போது, அவருடைய குரல் நாண்கள் நொடிக்கு 440 முறை ஒன்றோடொன்று மோதி விலகுகின்றன. ஒரு நிமிடம் விடாமல் பிடித்தால் 26,400 தடவை. எந்தத் தசைக்கும் இந்த வேலையைத் தூக்கத்தில் இருந்து எழுப்பியதும் கொடுக்கமாட்டோம்.

உதட்டைத் தளர்வாக மூடி, குழந்தைகள் வண்டி ஓட்டுவது போல 'ப்ர்ர்ர்' என்று அதிர விட்டு ச ரி க ம ப ம க ரி ச. ஒவ்வொரு தடவையும் அரைச் சுரம் மேலே. உதடு நின்றுபோனால் காற்று சீராக இல்லை அல்லது முகம் இறுகியிருக்கிறது. தப்பை உடலே காட்டிக்கொடுக்கும். உதடு அதிராதவர்கள் குளிர்பான ஸ்ட்ராவை எடுத்து, தண்ணீர் பாட்டிலுக்குள் இரண்டு விரற்கடை ஆழம் விட்டு, குமிழி வர வர அதே சுரங்களைப் பாடலாம். வாய் பாதி அடைபட்டிருப்பதால் காற்றழுத்தம் திரும்பி வந்து குரல் நாண்களின் மோதலை மென்மையாக்குகிறது. குரல் சிகிச்சையில் பயன்படுத்துகிற முறைதான் இது. என்னைக் கேட்டால், நேரமே இல்லை என்ற நாளில் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டும் மூன்று நிமிடம் செய்யலாம்.

அடுத்து 'ம்ம்ம்' என்று வாய்மூடி ரீங்காரம். மூக்கின் பாலத்திலும் மேலுதட்டிலும் கூசுகிற மாதிரி உணர்ந்தால் சரியான இடம். அதிலிருந்து வாயைத் திறந்து 'ம்ம்ம்மா'. கடைசியாக நாக்கைத் தட்டி எழுப்ப: 'தகதிமி', 'வழவழ', 'பளபள', 'கலகல' ஆகியவற்றை ஒரே சுரத்தில் வேகமாக, சத்தமில்லாமல்.

படி 3: மெட்டை மறந்துவிட்டு வரியைப் படியுங்கள்

புதுப் பாட்டை எடுத்தவுடன் கீபோர்டைத் திறக்காதீர்கள். எல்லோரும் சேர்ந்து, தாளத்தில், பேசும் குரலில் பாட்டு வரிகளை வாசியுங்கள். இருபது பேரில் எத்தனை தமிழ் இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். 'முகம்' என்பதை ஒருவர் 'முஹம்' என்பார், இன்னொருவர் நடுவில் அழுத்தமான 'க' வைப்பார். 'சொல்' சிலருக்கு ஸகரத்தில் தொடங்கும், சிலருக்கு 'ச்சொல்'. 'என்' பலர் வாயில் 'யென்' ஆகும், 'ஒரு' 'வொரு' ஆகும். 'ஞானம்' 'ந்யானம்' ஆகும்.

எது சரி என்று அரை மணி நேரம் சண்டை போடலாம். எங்கள் குழுவில் நடந்திருக்கிறது. நான் கண்ட தீர்வு இது: இலக்கணப்படி ஒன்றுதான் சரி என்றால் அதை வையுங்கள் (எகரம் எகரமாகவே இருக்கட்டும்). இரண்டும் வழக்கில் உண்டு என்றால் நடத்துபவர் ஒன்றைச் சொல்லி, எல்லோரும் பென்சிலால் குறித்துக்கொள்ளட்டும். தனியாகப் பாடும்போது இரண்டில் எதுவும் அழகுதான். கூட்டமாகப் பாடும்போது இரண்டும் கலந்தால் எதுவுமே கேட்காது.

நாக்கு எங்கே போக வேண்டும் என்று தெரிந்துகொள்ள வெளிநாட்டுப் புத்தகம் தேட வேண்டாம். உந்தியில் இருந்து எழுகிற காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகியவற்றில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி எழுத்தாகிறது என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் எட்டு இடங்களைச் சொல்கிறது. காற்று வயிற்றுப் பக்கமிருந்து கிளம்ப வேண்டும், எழுத்தை வாயின் முன்பகுதி செய்ய வேண்டும் என்று நான் இங்கே சொல்வதற்கு அதைவிடப் பழைய சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

படி 4: குரல் நிற்பது உயிரில்

பாடும்போது நேரத்தில் பெரும்பங்கு உயிரொலியில்தான் கழிகிறது. அதனால் நான்கு குரலும் (பெண்களில் உயர்ந்தது சோப்ரானோ, தாழ்ந்தது ஆல்டோ; ஆண்களில் உயர்ந்தது டெனர், தாழ்ந்தது பேஸ்) ஒன்றாகக் கலப்பதும் கலக்காததும் உயிரொலியில்தான் முடிவாகும். சோப்ரானோக்கள் சிரித்த வாயோடு 'ஆ' என்றும், பேஸ் பாடுபவர்கள் வாயைத் திறக்காமல் 'ஓ' மாதிரி ஒரு 'ஆ' என்றும் பாடினால், சுரம் சரியாக இருந்தாலும் சுருதி சேராதது போலக் கேட்கும். கையை மேலே கன்னத்தில் வைத்து, தாடை எவ்வளவு இறங்குகிறது என்று எல்லோரும் ஒத்துப்பார்த்துக்கொள்ளட்டும்.

தமிழுக்கே உரிய சிக்கல்கள் மூன்று.

முதலாவது குறில், நெடில். மேல்நாட்டு மெட்டுக்குத் தமிழ் வரி எழுதும்போது குறில் மேல் இரண்டு தாளம், நெடில் மேல் அரைத் தாளம் என்று விழுந்துவிடும். பாட்டை மாற்ற நம்மால் முடியாது. ஆனால் 'கல்' என்பது 'கால்' ஆகாமல் பாட முடியும். நம் வாயில் 'அ'வும் 'ஆ'வும் நீளத்தில் மட்டும் வேறுபடவில்லை. 'அ'வில் வாய் குறைவாகத் திறக்கிறது, நாக்கு நடுவில் கிடக்கிறது. நீட்ட வேண்டி வந்தால் அந்த 'அ'வையே நீட்டுங்கள், வாயை மேலும் திறக்காதீர்கள். நீளம் மெட்டுக்கு, நிறம் சொல்லுக்கு.

இரண்டாவது குற்றியலுகரம். 'பாட்டு', 'காது', 'நன்று' என்று முடிகிற சொற்களில் கடைசி உகரத்துக்கு இலக்கணம் கொடுத்திருப்பது அரை மாத்திரை, உதடும் குவியாது. இசையமைத்தவரோ அதன் மேல் நான்கு தாளம் நீளச் சுரத்தை வைத்திருப்பார். குழுவில் பாதிப் பேர் உதட்டைக் குவித்து 'பாட்டூ' என்பார்கள், மீதிப் பேர் குவிக்காமல் பாடுவார்கள். கேட்பவர்களுக்கு ஒரு குழப்பமான முனகல் கிடைக்கும். குவிக்க வேண்டாம் என்று முடிவு செய்யுங்கள். சுரத்தைத் தாங்கியபடி சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போங்கள். 'பசு', 'குரு', 'திரு' போன்றவை முற்றியலுகரம். அவற்றில் உதடு குவியலாம்.

மூன்றாவது ஐகாரம். 'மலை', 'இறை', 'மழை' என்று நீண்ட சுரத்தில் வந்தால் சிலர் உடனே 'இ'க்கு ஓடிவிடுவார்கள், சிலர் 'மலே' என்று நின்றுவிடுவார்கள். முக்கால்வாசி நேரம் முதல் ஒலியில் இருந்துவிட்டு, கையசைவு முடிகிற இடத்தில் எல்லோரும் சேர்ந்து 'ய்' பக்கம் மூடுவது என் வழக்கம்.

சோப்ரானோக்களுக்கு ஒரு சலுகை உண்டு. 'இ', 'உ' இரண்டுக்கும் வாய்க்குள் உருவாகிற முதல் ஒத்ததிர்வு, அதாவது வாய் தானாகவே பெருக்கிக் கொடுக்கிற அதிர்வு, சுமார் 300 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 300 அதிர்வு). அவர்கள் பாடுகிற மேல் 'எஃப்' சுரமோ கிட்டத்தட்ட 700. அவ்வளவு உயரத்தில் 'இ'யை 'இ'யாகவே பிடித்தால் தொண்டை நசுங்கும், கேட்பவருக்கும் வேறுபாடு தெரியாது. தாடையை இறக்கி, 'எ'வின் சாயலோடு பாடட்டும். சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையை அந்த இடத்தில் ஆல்டோவும் டெனரும் பார்த்துக்கொள்வார்கள்.

படி 5: வல்லினம், மெல்லினம், இடையினம்

நம் இலக்கணம் மெய்யெழுத்தை மூன்றாகப் பிரித்திருப்பதைப் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். அது பாடகர் குழுவுக்கு எவ்வளவு உதவும் என்று எனக்குத் தெரிய இருபது வருஷம் ஆனது.

மெல்லினமும் இடையினமும் சுரத்தைத் தாங்கும். 'ம்', 'ண்', 'ல்', 'ழ்' எதையும் ஒரு சுரத்தில் நிறுத்திப் பாடிப் பாருங்கள், முடியும். 'க்', 'ட்', 'ப்' ஆகியவற்றை நிறுத்தவே முடியாது. அங்கே குரல் அடைபடுகிறது. ஆகவே 'கண்ணே', 'எல்லாம்', 'அம்மா' என்று வந்தால் இரட்டித்த மெய்யின் மேல் சுரத்தோடு ஒரு கணம் உட்காருங்கள். அந்த ரீங்காரத்தில் தமிழ் இனிக்கும். 'பக்கம்', 'சுத்தம்' என்று வந்தால் முந்திய உயிரைக் கொஞ்சம் சீக்கிரமாக விட்டுக்கொடுத்து அடைப்புக்கு இடம் கொடுங்கள். உயிரை முழுத் தாளத்துக்கும் இழுத்தால் 'பகம்', 'சுதம்' என்றுதான் கேட்கும். இருபது பேரும் ஒரே கணத்தில் அடைக்க வேண்டும்; இதற்குக் கைதட்டிக்கொண்டு பேசிப் பழகுவதுதான் வழி.

தாளத்தின் மேல் விழ வேண்டியது உயிர். மெய் அதற்கு ஒரு நூலிழை முன்னால் வந்துவிட வேண்டும். மெய்யைத் தாளத்தின் மேல் வைத்தால் உயிர் பிந்தும், கீபோர்டு வாசிப்பவர் 'குழு இழுக்குது' என்பார்.

இனி 'ழ'. எங்கள் தென்மாவட்டப் பேச்சில் அது பெரும்பாலும் 'ள' ஆகிவிடுகிறது. அதனால் குழுவில் அதைப் புதிதாகத்தான் கற்பிக்க வேண்டும். 'அ' என்று நீளமாகச் சொல்லிக்கொண்டே நாக்கின் நுனியை மெல்லப் பின்னால் இழுங்கள். எங்கேயும் தொடக்கூடாது. தொட்டால் 'ள'. மேல்பல்லின் பின்னால் தொட்டால் 'ல'. மூன்றையும் 'வலி, வளி, வழி' என்று ஒரே சுரத்தில் வரிசையாகப் பாடச் சொல்லுங்கள். இங்கே பலர் செய்கிற தப்பு, ஆர்வத்தில் நாக்கைச் சீக்கிரம் மடக்குவது. 'வாழ்வு' என்பதில் 'வா' பாடும்போதே நாக்கு மடிந்திருந்தால் அந்த 'ஆ' முழுவதும் குடத்துக்குள் இருந்து வருவது போல மந்தமாகிவிடும். 'ஆ' முடியும்வரை நாக்கு படுத்திருக்கட்டும். கடைசி நொடியில் எழட்டும். 'ண', 'ட', 'ள' எல்லாவற்றுக்கும் இதே விதி.

'வெற்றி', 'நன்றி', 'இன்று' போன்றவற்றை 'வெட்ரி', 'நண்ட்ரி' என்று பாடுவது இப்போது பரவலாகிவிட்டது. நாக்கு மடங்காமல், நுனி மேலீறில் லேசாகத் தட்டினால் போதும். யாழ்ப்பாணத்தில் 'வெற்றி'யைச் சொல்லும்போது அந்த நுனித் தட்டு மட்டும் கேட்கும், 'ர்' தலைகாட்டாது. கேட்க அழகு. நம் குழுவில் யாராவது ஈழத்தவர் இருந்தால் அவரிடம் சொல்லிக்காட்டச் சொல்லலாம்.

'ஸ்' தனிக் கதை. 'கிறிஸ்து', 'ஸ்தோத்திரம்' என்று இருபது பேர் ஒரே நேரத்தில் சீறினால் குக்கர் விசில் மாதிரி இருக்கும். ஒவ்வொரு குரலிலும் ஒருவர் மட்டும் 'ஸ்' சொல்லட்டும், மற்றவர்கள் அதை விழுங்கட்டும். கேட்பவருக்குத் தெரியவே தெரியாது.

படி 6: சொல்லின் வாசலில் தொண்டையை மோதாதீர்கள்

அகரத்திலோ இகரத்திலோ தொடங்குகிற சொல்லைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற அக்கறையில், குரல் நாண்களை இறுக மூடி, படக்கென்று திறப்போம். இருமலின் தொடக்கம் போல ஒரு சின்ன வெடிப்பு. ஒரு பாட்டில் அறுபது தடவை இப்படி மோதினால் பாட்டு முடியும்போது தொண்டை கரகரக்கும். இதற்கு மருந்து, உயிருக்கு முன்னால் கேட்காத ஒரு 'ஹ' இருப்பதாக மனதில் நினைப்பது. காற்று முதலில், குரல் அடுத்து.

இதைவிட நல்ல மருந்து தமிழிலேயே இருக்கிறது: புணர்ச்சி. 'அவன் அருள்' என்பதை 'அவனருள்' என்று பாடுங்கள். 'பாட எழுந்தோம்' என்பதை 'பாடவெழுந்தோம்' என்று உடம்படுமெய்யோடு இணையுங்கள். இரண்டாவது சொல்லின் வாசலில் தொண்டை மோதுவதில்லை, ராகமும் அறுபடுவதில்லை. அச்சடிப்பவர்கள் சொற்களைப் பிரித்துப் போடுவது படிக்க வசதிக்காக. பாடுவதற்கு மூத்தோர் சேர்த்தே எழுதினார்கள். சேர்த்தால் பொருள் மாறுகிற இடத்தில் மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள்.

சொல்லின் முடிவில் வேறு சிக்கல். தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. அதனால் 'நமக்குக் கடைசி எழுத்துத் தொல்லை இல்லை' என்று இருந்துவிடுகிறோம். ஆனால் 'மரம்', 'வந்தான்' ஆகியவற்றைப் பேச்சில் நாம் முடிப்பதே இல்லை; உதடு சேராமல், மூக்கில் ஒலிக்கிற உயிராக விட்டுவிடுகிறோம். பாட்டிலும் அந்தப் பழக்கம் வருகிறது. கடைசி 'ம்'முக்கு உதடு சேர வேண்டும், எல்லோருக்கும் ஒரே நேரத்தில். நடத்துபவர் கட்டை விரலையும் சுட்டு விரலையும் சேர்த்துக் காட்டினால் அதுதான் 'ம்' என்று ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்.

படி 7: ஆங்கிலமும் லத்தீனும்

கேரல் ஆராதனையில் இவை இல்லாமல் இருக்காது. வல்லினத்தில் சொல் முடியாத நம் பழக்கம் இங்கே பழி வாங்கும்: 'லார்ட்' என்பது 'லார்டு' ஆகும், 'நைட்' 'நைட்டு' ஆகும். கடைசி 'ட்'டை நாக்கு நுனியால் தட்டிவிட்டு, குரலை அதோடு நிறுத்திவிட வேண்டும். 'குளோரியா' என்று நாம் எழுதுவதால் 'கு'வுக்கு ஒரு அசை கொடுத்துப் பாடுகிறோம். அங்கே உகரமே கிடையாது, 'க்ளோ' என்று ஒட்டிப் பிறக்கிறது. மெட்டில் ஒரு சுரம் கூடிப்போகிறதே என்று தேடினால் காரணம் இதுவாக இருக்கும்.

படி 8: கேட்டால்தான் கத்தாமல் இருக்க முடியும்

சுற்றிலும் சத்தமாக இருந்தால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவான். எத்தியன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை 1911-ல் எழுதிவைத்தார். பாடகர் குழுவில் இது ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்குத் தொற்றும். பின்வரிசை டெனர் உயர்த்துவார், முன்வரிசை ஆல்டோவுக்குத் தன் குரல் கேட்காது, அவரும் உயர்த்துவார். தோளோடு தோள் ஒட்டி நிற்காமல் ஒரு முழம் இடைவெளி விட்டால் தன் குரல் தனக்குக் கேட்கும். பாதிக் கத்தல் அப்போதே அடங்கும். பழக்கத்தில் கீபோர்டின் ஒலியளவைப் பாதியாக்குங்கள்.

விசேஷ நாளில் ஒலிபெருக்கிக்காரர் 'எக்கோ' வைத்துவிடுவார். எக்கோ உயிரை நீட்டும், மெய்யைப் புதைக்கும். நாம் செய்த அத்தனை உழைப்பும் ஒரு குமிழைத் திருகினால் போய்விடும். முன்கூட்டியே போய், "அண்ணே, எக்கோவைக் கொஞ்சம் குறைச்சு வைங்க" என்று அன்பாகச் சொல்லிவிட்டு வாருங்கள். கேட்பதில்லை என்றால் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மறுபடியும் சொல்லுங்கள். பெரிய கல் கட்டடமாக இருந்து, இயல்பாகவே எதிரொலி இருந்தால் வேகத்தைக் குறைத்து, மெய்களைக் கூர்மையாக்குவது தவிர வழியில்லை.

படி 9: யாருக்கு எந்தக் குரல்

டெனர் கிடைக்காத பஞ்சம் எல்லாக் குழுவிலும் உண்டு. 'நீ டெனருக்கு வா' என்று ஒரு நடுத்தரக் குரல்காரரைப் பிடித்து நிறுத்தினால், அவர் ஒவ்வொரு உயர்ந்த சுரத்துக்கும் முகவாயைத் தூக்குவார், கழுத்து நரம்பு புடைக்கும். பாட்டை அரைச் சுரமோ ஒரு சுரமோ இறக்குங்கள். கீபோர்டில் அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்துவதைக் கௌரவக் குறைவாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், விட்டுவிடுங்கள். குரல் உடைகிற வயதுப் பையன்களை வெளியே அனுப்ப வேண்டாம், பழைய உயரத்துக்குத் தள்ளவும் வேண்டாம். இருக்கிற ஐந்தாறு சுரங்களில் வசதியாகப் பாடட்டும். அந்த ஐந்தாறும் இரண்டு மாதத்தில் இடம் மாறும். அடிக்கடி சோதித்துப் பாருங்கள்.

படி 10: டிசம்பரில் தொண்டை

கேரல் ரவுண்ட்ஸ் போகிற இரவுகள்தான் ஆண்டின் பெரிய சோதனை. மார்கழிப் பனி, திறந்த வெளி, டிரம்ஸ், வீடு வீடாகக் கேக், பதினொரு மணிக்குப் பிரியாணி, காலையில் ஆராதனை. எங்கள் குழுவில் பாதிப் பேர் ஆசிரியர்கள். பகலெல்லாம் வகுப்பில் கத்திவிட்டு வருவார்கள். தெருவில் முழு நான்கு குரல் பாடாதீர்கள். ஒரே மெட்டை எல்லோரும் தாழ்ந்த சுருதியில் பாடினால் போதும், தெருவுக்கு அது தாராளம்.

மிளகுப் பாலும் பனங்கற்கண்டும் சுகமாக இருக்கும், நானும் குடிக்கிறேன். ஆனால் விழுங்குவது உணவுக்குழாயில் போகிறது. குரல் நாண்களைத் தொடுவதே இல்லை. அவற்றை ஈரமாக வைப்பது நாள் முழுக்கக் குடிக்கிற தண்ணீரும் ஆவி பிடிப்பதும்தான். மரத்துப்போக வைக்கிற மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு பாடுவது ஆபத்து. வலி தெரியாமல் போய்விடும். சளி மாத்திரைகள் சில தொண்டையைக் காயவைக்கும். அடிக்கடி கனைப்பதற்குப் பதில் ஒரு மிடறு தண்ணீர் விழுங்குங்கள். தொண்டை கட்டினால் கிசுகிசுப்பாகப் பேசுவதை ஓய்வு என்று நினைக்கிறோம். பலர் அதையும் இறுக்கிப் பிடித்துத்தான் பேசுகிறார்கள். பேசாமல் இருப்பதுதான் ஓய்வு. இரவு சாப்பிட்டவுடன் படுத்து, காலையில் தொண்டை எரிந்தால் அது வயிற்று அமிலமாக இருக்கலாம்.

பாடும்போது வலித்தால் நிறுத்துங்கள். பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் திடீரென்று அறுந்துபோனால், அன்றே வாயை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சளியில்லாமல் மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகத் தள்ளிப்போட வேண்டாம். குரல் நாணில் முடிச்சு என்று சொன்னாலும் பயந்துவிடாதீர்கள். பெரும்பாலும் குரல் பயிற்சியில் இருந்துதான் தொடங்குவார்கள்.

படி 11: கடைசி பெஞ்ச் சோதனை

விழாவுக்கு மூன்று வாரம் முன்பு, பாட்டைக் கேட்டேயிராத ஒருவரைக் கூப்பிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார வையுங்கள். கையில் தாளும் பேனாவும். காதில் விழுந்ததை அப்படியே எழுத வேண்டும், யோசித்துத் திருத்தக்கூடாது. குழுவில் இருப்பவர் யாரும் இதைச் செய்ய முடியாது. வரி நமக்குத் தெரியும் என்பதால் மூளை நிரப்பிக்கொள்ளும். கைப்பேசியில் பதிவு செய்து நாமே கேட்டாலும் இதே கதைதான், சுருதியைச் சோதிக்க வேண்டுமானால் அது உதவும்.

எழுதியதை வாங்கி, பாட்டு வரியோடு ஒப்பிட்டு, தப்பு விழுந்த சொற்களை மட்டும் அடுத்த வாரம் படி 3-இல் இருந்து மறுபடியும் தொடங்குங்கள். முழுப் பாட்டையும் திரும்பப் பாடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

நாங்கள் அடுத்த ஆண்டு அதே ஏழாம் வகுப்புப் பையனைத்தான் கூப்பிட்டோம். எட்டாம் வகுப்புக்குப் போயிருந்தான். 'ஒளியே வழி' என்று 'ழ' போட்டுச் சரியாக எழுதியிருந்தான். மூன்றாம் சரணத்தில் 'மனம்' என்பதை 'மணம்' என்று எழுதியிருந்தான். டெனரில் நிற்கிற மூவரைக் கூப்பிட்டு நாக்கை மடக்காமல் சொல்லச் சொன்னோம். அதில் ஒருவர் நான்.